ஆட்டமும் சட்டமும்



உழைத்துக் களைத்தவன் மாலையில் ஓர் ஆட்டம் பார்ப்பது பாவமா? இல்லை. பகலெல்லாம் செங்கல் சுமந்த தோள், ஒருவர் அடித்த பந்து எல்லைக்கோட்டைத் தாண்டும்போது ஒரு கணம் தன் பாரத்தை மறக்கிறது என்றால், அந்தக் கணத்தைப் பறிக்க எவருக்கும் உரிமை இல்லை. பாட்டாளிக்கு எதற்குப் பந்தாட்டம் என்று கேட்கும் கூட்டத்தில் நாம் இல்லை. அரசியல் பேசுவதும் குற்றமல்ல. சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் தம்பானூரிலும் வேலைக்குக் காத்து நிற்கும் நம் மக்கள் அரசியல் பேசத்தான் வேண்டும். பேசாத மக்களுக்கு எந்த ஆட்சியும் எதையும் தானாகக் கொண்டுவந்து தந்ததில்லை.

கேள்வி வேறு. எதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது? எதைக் கண்டு கொதிப்பது, எதைச் சிரித்துவிட்டு விட்டுவிடுவது? இந்த அளவுகோல் நம் கையில் இருக்கிறதா, அல்லது வேறு எவர் கையிலோ இருக்கிறதா? வெறும் உபதேசம் வேண்டாம். ஒரே ஒரு நாளின் கணக்கை எடுத்துப் பார்ப்போம்.

ஒரே நாள், இரண்டு செய்திகள்

அந்த நாள் 2020 செப்டம்பர் 22. கொரோனாக் காலம். ஐபிஎல் போட்டிகள் இங்கே நடக்க வழியில்லாமல் வளைகுடா நாட்டுக்குப் போயிருந்தன. அன்றிரவு சார்ஜாவில் சென்னை அணிக்கும் ராஜஸ்தான் அணிக்கும் ஆட்டம். நம் விழிஞ்ஞத்துக்குப் பக்கத்திலுள்ள புல்லுவிளைக் கடற்கரையைச் சேர்ந்த சஞ்சு சாம்சன் 32 பந்துகளில் 74 ஓட்டங்கள் அடித்தார். அதில் 9 சிக்சர்கள். ராஜஸ்தான் 216, சென்னை 200. பதினாறு ஓட்டங்களில் சென்னை தோற்றது. திருவனந்தபுரத்தில் வாழும் தமிழனுக்கு அது எப்படிப்பட்ட இரவு! தோற்றது சென்னை; தோற்கடித்தவர் நம்ம ஊர்ப் பையன். அழுவதா, சிரிப்பதா?

அதே நாளில் டில்லியில் இன்னொன்றும் நடந்தது. மூன்று தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை மக்களவை நிறைவேற்றியது. மறுநாள், செப்டம்பர் 23 அன்று, மாநிலங்களவையும் நிறைவேற்றியது. அவற்றில் ஒன்று நேரடியாக நம்மைப் பற்றியது. ஊர் விட்டு ஊர் வந்து உழைப்பவர்களுக்காக 1979-இல் இயற்றப்பட்ட மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம் அந்தத் தொகுப்புக்குள் கரைந்தது. அதே கூட்டத்தொடரில், செப்டம்பர் 14 அன்றுதான், ஊரடங்கில் வீடு திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்ற கணக்கு தன்னிடம் இல்லை என்று ஒன்றியத் தொழிலாளர் துறை மக்களவையில் சொல்லியிருந்தது. செத்தவர்களுக்குக் கணக்கில்லை, சிக்சர்களுக்குக் கணக்கு இருந்தது!

மாறியது என்ன? பழைய சட்டம் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தும். புதிய சட்டத்தின் இந்தப் பகுதி பொருந்த, ஓரிடத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் பத்துப் பேராவது இருக்க வேண்டும். இப்போது நம் பிழைப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு மேஸ்திரி ஊரிலிருந்து எத்தனை பேரைக் கூட்டி வருகிறார்? இரண்டு கொத்தனார், மூன்று கையாள், இரண்டு சித்தாள். ஏழு பேர். ஒரு வீட்டு வேலைக்கு இது போதும். அங்கே வேறு வெளிமாநிலத்தவர் இல்லையென்றால், பழைய சட்டத்தில் இந்த ஏழு பேரும் உள்ளே, புதியதில் வெளியே.

இடப்பெயர்வுப் படி என்று ஒன்று இருந்தது. மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், இதில் எது கூடுதலோ அதை, கூலிக்கு மேலாக, திரும்பக் கேட்காத பணமாகத் தர வேண்டும் என்றது 1979-ஆம் ஆண்டுச் சட்டம். புதியதில் அது இல்லை. ஊருக்குப் போய்வரும் பயணப் படி மட்டும் இருக்கிறது.

நியாயமாகப் பேசுவோம். புதிய சட்டத்தில் நல்லதும் உண்டு. காண்டிராக்டர் அழைத்து வந்தவரை மட்டுமல்லாமல், தானாக வந்து வேலைக்குச் சேர்ந்தவரையும், மாதம் 18,000 ரூபாய்க்கு மிகாத கூலி வாங்குபவராக இருந்தால், புலம்பெயர் தொழிலாளி என்று அது ஏற்றுக்கொள்கிறது. பழைய சட்டம் முழுமையாக நடைமுறையில் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு வரியாவது இருந்தது. அந்த வரி எடுக்கப்பட்ட நாளில் நம் தெருக்களில் எத்தனை பேர் அதைப் பற்றிப் பேசினோம்?

கதை அங்கே முடியவில்லை. நிறைவேறிய சட்டம் ஐந்து ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. 2025 நவம்பர் 15 அன்று ஒரு பெரிய செய்தி வந்தது: சஞ்சு சாம்சன் ராஜஸ்தானை விட்டுச் சென்னை அணிக்கு வருகிறார், ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போகிறார். சரியாக ஆறு நாள் கழித்து, நவம்பர் 21 அன்று, அந்தத் தொகுப்புச் சட்டங்கள் நடப்புக்கு வந்தன. முதல் செய்தி எத்தனை பேர் காதுக்கு எட்டியது, இரண்டாவது எத்தனை பேர் காதுக்கு எட்டியது என்பதை அவரவர் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

சஞ்சு மீது குற்றமில்லை. அவர் தன் தொழிலைச் செய்தார், நன்றாகவே செய்தார். குறை நம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

அணி மாறும், ஆள் மாறார்

2020-இல் நம்மை அடித்தவர் 2025-இல் நம்மவர். யாரைத் திட்டினோமோ அவருக்கே இனி விசில். ஆட்டத்தில் இது இயல்பு, யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அரசியலையும் நாம் இதே கண்ணோடு பார்க்கத் தொடங்கிவிட்டோமே, அதுதான் ஆபத்து.

2024 நாடாளுமன்றத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் காங்கிரசின் சசி தரூரும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பன்னியன் ரவீந்திரனும் எதிரெதிரே நின்றார்கள். வாக்குப்பதிவு ஏப்ரல் 26. அதற்கு ஒரு வாரம் முன்பு, ஏப்ரல் 19 அன்று, பக்கத்துக் கன்னியாகுமரித் தொகுதியில் வாக்குப்பதிவு. அங்கே காங்கிரசின் விஜய் வசந்த் நின்ற அணியில் அதே கம்யூனிஸ்ட் கட்சியும் இருந்தது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் எதிரி. அந்தப் பக்கம் தோழன்! கட்சிகளுக்கு அதற்கான காரணங்கள் இருக்கலாம். அந்த விவாதம் வேறு. எல்லைச் சாவடியைத் தாண்டியதும் தலைவர்கள் கைகுலுக்கிக்கொள்ள முடிகிறது என்றால், ஒரே வரிசை வீட்டில் குடியிருக்கும் மாமனும் மச்சானும் கட்சியின் பேரால் மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் இருப்பது எந்த நியாயம்?

இதனால் எல்லாக் கட்சியும் ஒன்றுதான், எவன் வந்தாலும் நம் பாடு இதுதான் என்று சொல்லிவிடாதீர்கள். அது சோம்பேறியின் தத்துவம். ஆட்டத்தில் நம் அணி பத்து முறை தோற்றாலும் பதினோராவது முறையும் அதற்கே கைதட்டலாம், அது அன்பு. அரசியலில் நம் கூலியையும் நம் உரிமையையும் தோற்கடித்தவருக்கே மறுபடியும் கைதட்டினால் அது அன்பல்ல, ஏமாளித்தனம். அணியைப் பார்த்து ஆட்டம் ரசிக்கலாம். செயலைப் பார்த்துத்தான் வாக்களிக்க வேண்டும்.

அரசியலை இரண்டு அணிகளின் மோதலாகப் பார்க்கும்போது அடி யார் மேல் விழுகிறது என்பது புலம்பெயர்ந்து வாழும் நமக்குத் தெரியாததா? 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்தபோது நடந்ததை மறக்க முடியுமா? இடுக்கி மாவட்டம் உடும்பன்சோலைப் பகுதியின் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் அஞ்சித் தேனிப் பக்கம் இறங்கின. அங்கே தமிழ்நாட்டிலோ மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. ஏலக்காய் பறித்த பெண்ணுக்கும் டீக்கடை வைத்தவனுக்கும் அணையின் நீர்மட்டத்தில் என்ன பங்கு? நீர்மட்டம் 142 அடி என்று சொன்னது 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம். முடிவு நீதிமன்றத்தில் வந்தது. மூட்டை சுமந்தது தொழிலாளி. தெருவில் கத்தியவர்கள் இரண்டு மாநிலத்திலும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பார்க்கத் தெரிந்தவர்கள்

இதே தமிழ் மக்கள்தான் ஆட்டம் பார்ப்பது எப்படி என்று உலகுக்குக் காட்டியவர்கள். 1999 ஜனவரியில் பாகிஸ்தான் அணி இந்தியாவுக்கு வந்தது. வரக்கூடாது என்று சொல்லி டில்லி மைதானத்தின் ஆடுகளத்தைச் சிலர் தோண்டிப் போட்டார்கள். அந்த மாதம் 31-ஆம் நாள் சென்னை சேப்பாக்கத்தில் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் அடித்தும் இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. நெஞ்சு வெடிக்கும் தோல்வி. ஆயினும் கூட்டம் எழுந்து நின்று வென்ற அணிக்குக் கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். தோல்வி வலித்தது, ஆனால் அது தோல்வி மட்டுமே, மானக்கேடு அல்ல என்று அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அளவறிவைத்தான் நாம் கேட்கிறோம்.

ஆட்டமும் அரசியலும் முற்றிலும் தனித்தனி என்றும் நினைக்க வேண்டாம். 2023 ஜனவரி 15 அன்று நம் காரியவட்டம் மைதானத்தில் இந்தியாவும் இலங்கையும் ஆடின. கேளிக்கை வரி 5 விழுக்காட்டிலிருந்து 12 ஆனது. ஆயிரம் ரூபாய்ச் சீட்டு வரிகளெல்லாம் சேர்ந்து 1,300 ரூபாய். கேள்வி எழுந்தபோது, பட்டினி கிடப்பவர்கள் ஆட்டம் பார்க்கப் போக வேண்டாம் என்ற பொருளில் மாநில விளையாட்டு அமைச்சர் வி. அப்துரகிமான் பதில் சொன்னார். இந்தியா 317 ஓட்டங்களில் வென்றது. ஒருநாள் ஆட்டங்களில் அன்றுவரை ஓட்டக் கணக்கில் அதுவே மிகப் பெரிய வெற்றி. ஆனால் அதைப் பார்க்க மைதானத்தில் பாதி இருக்கைக்கும் ஆளில்லை. உழைப்பவன் ஆட்டம் பார்க்க முடியுமா முடியாதா என்பதைக்கூட ஒரு வரிவிகிதம் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொன்றையும் தாய்மார்கள் அறிவார்கள். அந்த 2020 தொடருக்குப் பெயர் கொடுத்த விளம்பரதாரர் டிரீம் லெவன். பணம் கட்டி அணி அமைத்து ஆடும் செயலி அது. இப்படிப்பட்ட செயலிகளில் கூலிப் பணம் கரைந்த வீடுகளின் கண்ணீரை நாம் விவரிக்கத் தேவையில்லை. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்தக் கதவை மூடியது எந்த அணித் தலைவரின் மட்டையும் அல்ல, ஒரு சட்டம். ஆனால் சட்டம் போட்டதும் சூது செத்துவிடாது. கள்ள வழியில் வரும். வீட்டுக்குள் காவல் நாம்தான்.

ஓர் ஆட்டத்தின் நேரம்

என்ன செய்வது? தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லவில்லை. ஒரு கணக்கு மட்டும் போடுவோம். ஒரு தொடரில் சென்னை அணி குறைந்தது 14 ஆட்டங்கள் ஆடுகிறது. ஓர் ஆட்டத்துக்கு மூன்றரை மணி என்றால் மொத்தம் 49 மணி நேரம். பதின்மூன்று ஆட்டங்களை ஆசைதீரப் பாருங்கள். ஒரே ஓர் ஆட்டத்தின் நேரத்தை, அந்த மூன்றரை மணியை, உங்கள் குடும்பத்துக்குக் கொடுங்கள்.

அந்த நேரத்தில் மேஸ்திரியிடம் கேளுங்கள்: வேலையிடத்துப் பதிவேட்டில் எத்தனை வெளிமாநிலத் தொழிலாளர் பெயர் இருக்கிறது? என் பெயர் இருக்கிறதா? கேரளக் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தின் கீழ் 2010-இல் தொடங்கப்பட்ட புலம்பெயர் தொழிலாளர் நலத்திட்டத்தில் நம் வீட்டில் யார் சேர்ந்திருக்கிறார்கள்? மருத்துவத்துக்கும், சாவு நேர்ந்தால் உடலை ஊருக்குக் கொண்டுபோகவும் உதவி தரும் திட்டம் அது. ஊரில் இருக்கும் முன்னுரிமை ரேஷன் அட்டைக்கு, 2020 அக்டோபரில் தமிழ்நாடு சேர்ந்த ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தின்படி, இங்குள்ள கடையில் ஒன்றிய அரசின் தானியம் வாங்கலாம். நாம் வாங்குகிறோமா? வாக்கு எந்த ஊரில் இருக்கிறது? வாக்குக் கேட்டு வருபவரிடம் இந்த ஐந்துக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டோமா?

சஞ்சு அன்று எத்தனை சிக்சர் அடித்தார் என்று கேட்டால் நம் வீட்டுப் பிள்ளை உடனே சொல்லும், ஒன்பது என்று. சொல்லட்டும், பெருமைதான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சட்டத்தில் என்ன உரிமை என்று கேட்டாலும் அதே வேகத்தில் அந்தப் பிள்ளை பதில் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் தோற்றால் அடுத்த ஆண்டு இன்னொரு தொடர் வரும். சட்டத்தில் தோற்றதை மீட்க 1979-ஐப் போல் இன்னொரு ஆண்டு தானாக வராது, தோழர்களே! நாம்தான் கொண்டுவர வேண்டும்.