லைட் குக்கிங் மட்டும்!

கல்யாணமாகாத ஆண்களுக்கு ரூம் வாடகைக்கு விடுகிறவர்கள் உலகம் பூராவும் ஒரே ஜாதி. 1996-ல் வேலை கிடைத்து நான் சிங்கப்பூர் போய் இறங்கியபோது, தோ பாயோவில் ஹவுசிங் போர்டு ஃப்ளாட்டில் அறை காட்டிய சீனப் பெரியவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"லைட் குக்கிங் ஒன்லி, ஆ பாய்."

லைட்டைப் போட்டுக்கொண்டு சமைக்கச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, பலமாகத் தலையாட்டிவிட்டேன். அப்புறம்தான் அர்த்தம் தெரிந்தது. வெந்நீர் வைக்கலாம். நூடுல்ஸ் கொதிக்க வைக்கலாம். ரொம்ப ஆசைப்பட்டால் ஒரு முட்டை. மிளகாய் வற்றல் தாளித்தால் பெட்டியும் நானும் லிஃப்டில்!

பெரியவர் ஹைனான்காரர். சீனாவின் தென்கோடியில் இருக்கிற தீவு அது. சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்த சீனர்களில் ஹைனான்காரர்கள் கொஞ்சம் லேட். அவர்கள் கப்பலை விட்டு இறங்குவதற்குள் நல்ல தொழில்களில் எல்லாம் ஹொக்கியன்காரர்களும் தியோச்சுக்காரர்களும் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது வெள்ளைக்காரன் வீட்டு அடுப்படியும், கப்பலும், ஹோட்டலும். அங்கே புகுந்தார்கள். ராஃபிள்ஸ் ஹோட்டலின் புகழ்பெற்ற 'சிங்கப்பூர் ஸ்லிங்' பானத்தை 1915-ல் முதலில் கலந்தவர் என்று ஹோட்டல்காரர்கள் சொல்லும் நியாம் தோங் பூனும் ஹைனான்காரர்தான்.

எங்கள் பெரியவர் சிலேத்தாரில் ஒரு பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி வீட்டில் குக்காக இருந்தவர். 1971-ல் பிரிட்டிஷ் படைகள் மூட்டை கட்டின. துரையும் துரைசானியும் ஊருக்குப் போனார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட்ட போர்க் சாப் மட்டும் போகவில்லை. அது பெரியவரோடு தோ பாயோவுக்குக் குடிவந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அடுக்களையிலிருந்து ஒரு வாசனை வரும் பாருங்கள்... வெங்காயம் வதங்குகிற வாசனை, கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புளிப்பு. அறையில் உட்கார்ந்து லைட்டாகக் குக் பண்ணிய நூடுல்ஸைத் தின்றுகொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஒரு நாள் ஆன்ட்டி கதவைத் தட்டி ஒரு தட்டை நீட்டினார். தயங்கினேன். எங்கள் திண்டுக்கல் பக்கத்தில் ஒருத்தன் பன்றிக் கறி சாப்பிட்டால், "என்னப்பா, மூலமா?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். மருந்துக்குத்தான் சாப்பிடுவார்கள் என்று நம்பிக்கை. எனக்கு அந்தத் தொந்தரவு இல்லை. ஆனாலும் சாப்பிட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன் ஸார், கத்தியே வேண்டாம். ஸ்பூனால் அழுத்தினால் விட்டுக்கொடுத்தது. அன்று ராத்திரி ஃபோன் கார்டு போட்டு அம்மாவிடம் பேசினேன். "என்னடா சாப்பிட்ட?" "கறிம்மா." "என்ன கறி?" "நல்ல கறிம்மா." கார்டில் காசு தீர்ந்தது. கடவுள் இருக்கிறார்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. பிறகு ஒரே மாதத்தில் இரண்டு காரியம் நடந்தது. ஆன்ட்டிக்கு மிச்சமிருந்த பற்களையும் எடுத்துவிட்டுப் பல் செட் மாட்டினார்கள். அடுத்த வாரம் பெரியவருக்கு லேசான பக்கவாதம். பேச்சு தப்பியது, வலது கை தப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசனை நின்றுபோனது. ஆன்ட்டி கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார். பெரியவர் வேளாவேளைக்கு அந்தக் கஞ்சிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆன்ட்டி இளைத்துக்கொண்டே வந்தது எனக்கே தெரிந்தது. கூடவே இருக்கிறவருக்குத் தெரியாதா?

மூன்றாவது ஞாயிறு என் அறை வாசலில் வந்து நின்றார். இடது கையால் அடுக்களையைக் காட்டினார்.

"ஆ பாய், ஹெவி குக்கிங் கேன்?"

வாடகை ஒப்பந்தத்தை அவரே கிழித்துப் போட்டார்!

நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் கேட்டேன், ஒன்றைத் தவிர. "த்ரீ மினிட், டர்ன், த்ரீ மினிட், ஃபினிஷ்" என்றார். மூணும் மூணும் ஆறு நிமிஷத்தில் பன்றிக் கறி வெந்துவிடுமாவது? புழு என்னாகும்? தவிர, பல் இல்லாத ஆன்ட்டிக்கு இன்னும் மெத்தென்று இருக்கட்டுமே! அவர் பாத்ரூம் போன நேரம் பார்த்து, பொரித்த துண்டுகளை சாஸுக்குள் தள்ளி, மூடி போட்டு, இருபது நிமிஷம் கொதிக்கவிட்டேன். நம்ம ஊர் ஆட்டுக்கறிக் குழம்பு ஃபார்முலா.

ஆன்ட்டி ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். என்னைப் பார்த்து அழகாகச் சிரித்துவிட்டு எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது பல் செட் இல்லை. உட்கார்ந்து, சாஸில் இருந்த பட்டாணியை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டார்.

பெரியவர் இடது கையால் ஒரு துண்டைத் தட்டில் தட்டினார். 'டொக்' என்றது.

"ஷூ" என்றார். "கேனாட் லா."

நான் செய்த தப்பைத்தான் நம் பேச்சிலர் நண்பர்கள் எல்லோரும் செய்கிறார்கள் என்பதால் விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

'வேக வேக மெத்தாகும்' என்பது எல்லாக் கறிக்கும் பொருந்தாது. ஆட்டுத் தொடை, பன்றியின் முன்சப்பை எல்லாம் நாள் பூராவும் நடந்து உழைக்கிற பாகங்கள். நம்மை மாதிரி கிளார்க்குகள். உடம்பு பூராவும் ஜவ்வு. அந்த ஜவ்வு ஈரச்சூட்டில் மணிக்கணக்காக வெந்தால்தான் கரைந்து குழையும். சாப் வருவது முதுகெலும்பை ஒட்டி ஓடும் தசையிலிருந்து. அது அதிகம் உழைக்காத தசை. ஆபீஸ் பாஷையில் மேனேஜர்! ஜவ்வும் கம்மி, உள்ளே கொழுப்பும் கம்மி. பிறவியிலேயே மெத்து. அதை நாம் மெத்தாக்க வேண்டியதில்லை, கெடுக்காமல் இருந்தால் போதும். சூடு ஏற ஏற அதன் நார்கள் இறுகி, உள்ளே இருக்கும் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். அப்புறம் எத்தனை சாஸில் ஊறப் போட்டாலும் செருப்பு செருப்புதான்.

புழு விஷயம்? பயம் நியாயமானதுதான். அதனால்தான் பல நாடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பன்றியைக் கருக்கித் தின்றார்கள். அமெரிக்க விவசாயத் துறை ரொம்ப நாளாக 71 டிகிரி செல்சியஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2011-ல்தான் முழுத் துண்டுகளுக்கு 63 டிகிரி போதும், இறக்கிய பிறகு மூன்று நிமிஷம் சும்மா வைக்கவேண்டும் என்று மாற்றியது. கொத்துக்கறிக்கு இன்றும் 71-தான். 63-ல் நடுவில் லேசாக ரோஸ் கலர் தெரியலாம், பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் பண்ணையில் வளர்த்து, சுத்தமாக வெட்டி, நம்பிக்கையான கடையில் விற்கிற வெண்பன்றிக் கறிக்கு. தெருவில் மேய்ந்த பன்றி என்றால் டிகிரி கணக்கே வேண்டாம், கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். நாடாப்புழு விளையாட்டு சமாச்சாரம் இல்லை.

சரி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பெரியவர் இந்தத் தடவை பாத்ரூமே போகவில்லை.

காலையில் தேக்கா மார்க்கெட்டில் எலும்போடு நாலு சாப் வாங்கினேன், முக்கால் அங்குல கனத்தில். போன வாரம் கொழுப்பே இல்லாத மெல்லிசுத் துண்டாகப் பார்த்து வாங்கியதும் தப்பாம். ஓரத்தில் ஒரு கொழுப்புப் பட்டை இருக்கவேண்டும். அதை இரண்டு மூன்று இடத்தில் கத்தியால் கீறச் சொன்னார். கீறாவிட்டால் சூட்டில் பட்டை சுருங்கி, சாப் கிண்ணம் மாதிரி குழிந்துவிடும். அப்புறம் வெட்டுக்கத்தியின் முதுகால் குறுக்கும் நெடுக்குமாகத் தட்டி, அரை அங்குலமாக்கினோம்.

இரண்டு டேபிள் ஸ்பூன் சோயா சாஸ், மூன்று டேபிள் ஸ்பூன் தண்ணீர், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் வெள்ளை மிளகுத்தூள், கால் டீஸ்பூன் சமையல் சோடா. இதில் பிசறி அரை மணி நேரம். சோயாவில் இருக்கிற உப்பு தசைக்குள் இறங்கித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோடா, நார்களை ரொம்ப இறுக விடாது. சோடா விஷயத்தில் தாராள மனசு கூடாது. கூடினால் சோப்பு நாறும்.

கிரீம் கிராக்கர் பிஸ்கட் பத்தை ஒரு பையில் போட்டு, பாட்டிலால் உருட்டி நுணுக்கினோம். துரை வீட்டில் பிரெட் தூள்தான். பிஸ்கட் ஹைனான்காரர்களின் கைவரிசை. சாப்பை முட்டையில் தோய்த்து, பிஸ்கட் தூளில் புரட்டி, அரை அங்குலம் எண்ணெயில், மிதமான தீயில்... மூணு நிமிஷம், திருப்பு, மூணு நிமிஷம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பெரியவர் என்னைப் பார்த்தார். எடுத்துக் கம்பி வலையில் வைத்தேன்.

சாஸ் தனி. ஒரு பெரிய வெங்காயத்தை நீளமாக நறுக்கி வதக்கி, ஒரு தக்காளி, வேகவைத்த உருளைக்கிழங்கு, ஒரு கைப்பிடிப் பச்சைப் பட்டாணி. நாலு டேபிள் ஸ்பூன் தக்காளி கெச்சப், ஒரு டேபிள் ஸ்பூன் சோயா, ஒரு டேபிள் ஸ்பூன் வூஸ்டர்ஷயர் சாஸ், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் வினிகர், ஒரு கப் தண்ணீர். கொதித்ததும் ஒரு டீஸ்பூன் சோள மாவைக் கரைத்து ஊற்றினால் பளபளவென்று கெட்டியாகும். நாக்கில் வைத்தால் முதலில் இனிப்பு, அடுத்து புளிப்பு, கடைசியில் உப்பு தெரியவேண்டும். இந்த வரிசை மாறினால் ஏதோ ஒன்று கூட.

அந்த வூஸ்டர்ஷயர் பாட்டிலை வாசித்துப் பார்த்தபோது ஒரு சந்தோஷ அதிர்ச்சி. வினிகர், வெல்லப்பாகு, நெத்திலி மீன்... புளி! 1830-களில் இங்கிலாந்தில் லீயும் பெரின்ஸும் விற்க ஆரம்பித்த சரக்கில் நம்ம புளி! கெச்சப் என்கிற வார்த்தையே ஹொக்கியன் சீன பாஷையிலிருந்து வந்தது என்கிறார்கள். ஆக, துரை வீட்டுச் சாப்பாடு என்று நான் பயந்துகொண்டிருந்ததில் பாதி நம்ம பக்கத்துச் சரக்குதான்.

முக்கியமான விஷயம், சாப் சாஸுக்குள் போகக் கூடாது. தட்டில் சாப், மேலே சாஸ். அவ்வளவுதான்.

ஆன்ட்டி உட்கார்ந்தார். ஒரு சின்னத் துண்டு. மென்றார். எனக்குப் புரொமோஷன் இன்டர்வியூவில்கூட அப்படி வியர்த்ததில்லை. விழுங்கினார். இன்னொரு துண்டு எடுத்தார். அப்புறம் நாங்கள் இருவரும் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார். தட்டில் கடைசியாக எலும்புதான் மிச்சம். அதையும் கையில் எடுத்து ஒரு பார்வை பார்த்தார்.

பெரியவர் ஆன்ட்டியின் தட்டைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு. என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"கேன்."

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டில் இருந்த ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் குக். வாடகையைக் குறைப்பார் என்று எதிர்பார்த்தேன். குறைக்கவில்லை. வீட்டுக்காரர், வீட்டுக்காரர்தான். ஆனால் தாளிக்க அனுமதி கிடைத்தது.

இன்றைக்கு அவர்கள் இருவரும் இல்லை. நான் ஊருக்குத் திரும்பி வருஷங்கள் ஆகிவிட்டன. கறியில் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பக்கவாட்டில் நடுவரைக்கும், எலும்பில் படாமல் குத்திப் பார்த்தால் 63. பெரியவரின் மூணும் மூணும் ஆறு அநேகமாக அங்கேதான் போய் நிற்கிறது. அவரிடம் தெர்மாமீட்டர் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் துரை வீட்டில் திட்டு வாங்கிய அனுபவம் இருந்தது.

பன்றி சாப்பிடாதவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோழி நெஞ்சுக்கறிக்கும் இதே சட்டம்தான். அதுவும் உழைக்காத தசை. டிகிரி மட்டும் 74. சாஸில் மாற்றமில்லை.

போன மாதம் டாக்டர் என் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அடுக்களையிலிருந்து வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. எழுந்து போய்ப் பார்த்தால், கல்லூரியில் படிக்கிற என் பையன் கடிகாரத்தை முறைத்துக்கொண்டு நிற்கிறான்.

தட்டை நீட்டினான். ஒரு வாய் வைத்தேன். சாஸில் சர்க்கரை ஒரு சிட்டிகை தூக்கல். கறி, பல் இல்லாத பக்கத்திலேயே கரைந்தது.

"எப்படிப்பா இருக்கு?"

"கேன்" என்றேன்.

"அப்படின்னா?"

"அடுத்த ஞாயிறும் நீதான்னு அர்த்தம்."