'டர்ட்டில் இன் பாரடைஸ்': சர்க்கரை பூசாத ஒரு சிறுமி

ஜெனிபர் ஹோம் எழுதிய 'டர்ட்டில் இன் பாரடைஸ்' (2010) பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 'மனத்தை நெகிழவைக்கும் கதை' என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றனர். 2011இல் நியூபெரி சிறப்புத் தகுதி பெற்ற இச்சிறுவர் நாவலுக்கு அந்தப் பாராட்டுப் போதாது. ஒருவகையில் அநீதியும்கூட என்பது நம் கருத்து.

கதை நிகழும் ஆண்டு 1935. பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்கா திணறிய காலம். வீட்டுவேலை செய்து பிழைக்கும் தாய்க்கு வேலை தந்த எஜமானிக்குக் குழந்தைகள் ஆகாது. ஆகவே 11 வயது டர்ட்டில், ஃபுளோரிடாவின் தென்கோடித் தீவான கீ வெஸ்டுக்கு, தாயின் உடன்பிறந்தாள் மின்னியிடம் அனுப்பப்படுகிறாள். அந்நகரமோ 1934இலேயே கடனில் மூழ்கி, நெருக்கடி நிலையை அறிவித்திருந்தது.

மின்னி ஓடிவந்து அணைத்துக்கொள்பவள் அல்லள். (பெரியம்மா, சித்தி, அத்தை, மாமி என நாம் பிரித்தறியும் உறவுகளை ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது, மொழிபெயர்க்க முனைவோர்க்கு முதல் தலைவலி இதுவே.) ஊரார் துணிகளை வெளுத்து, மூன்று ஆண்பிள்ளைகளை வளர்ப்பவள். இன்னொரு வாய் வந்து நிற்கையில் எழும் எரிச்சலை ஆசிரியர் மறைக்கவில்லை. அன்பின்மையால் வந்த கடுமையன்று அது; வீட்டில் இருப்பது போதாமையால் வந்தது.

அவள் மகன்கள் தம் தோழர்களோடு கூட்டம் சேர்ந்து ஊர்க் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கின்றனர். கூலி, மிட்டாய். வாய்விட்டுச் சிரிக்கவைக்கும் பகுதிகள் இவை. ஆனால் கூலி ஏன் காசாக இல்லை என்று கேட்கும் சிறுவன் பொருளாதாரத்தின் முதற்பாடத்தைத் தானே கற்றுக்கொள்வான்.

அன்று திரையில் ஷெர்லி டெம்பிள் சிரித்த முகத்தோடு நாட்டுக்கே ஆறுதல் அளித்துக்கொண்டிருந்தாள். டர்ட்டிலுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. பிள்ளைகளெல்லாம் இனிமையானவர்கள் என்பதையே அவள் நம்புவதில்லை. இந்நாவலை வெறும் இனிப்பாகப் படிப்போர், கதாநாயகியின் தரப்பை விட்டு டெம்பிளின் தரப்புக்குப் போய்விடுகின்றனர்!

வறுமையும் வஞ்சகமும் சிறுவர்க்கு எதற்கு என்று கேட்கும் பெற்றோரை நாம் அறிவோம். இதில் இரண்டும் உண்டு. கிடைத்த புதையல்கூடக் கையில் நிலைப்பதில்லை. அதற்காக நூலை ஒளித்துவைப்பது வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைக்குத் தயங்காமல் கொடுக்கலாம். மின்னியின் மூத்த மகனை நாயகனாக்கி 2016இல் வந்த 'ஃபுல் ஆஃப் பீன்ஸ்' காலத்தால் முந்திய கதை. எனினும் அதை இரண்டாவதாகப் படிப்பதே நன்று.