கால் தவறவில்லை, படி முறிந்தது

கொஞ்சம் நீளமான பதிவு. திட்டியும் இருக்கிறேன். முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்ளுங்கள்.

நம் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி. மக்காச்சோளக் காட்டுக்குக் காவலுக்குப் போனவர் பரணில் இருந்து "கால் தவறி" விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார் என்று. கீழே வரிசையாகக் கும்பிடு படம். "விதி" என்றார் ஒருவர். "அவன் நேரம்" என்றார் இன்னொருவர். "குடித்திருப்பான்" என்று ஒரு புண்ணியவான். அவன் குடிக்க மாட்டான். 8-ஆம் வகுப்பில் இருந்து அவனை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு, அந்தப் பரணடிக்கும் போனேன். மேலிருந்து இரண்டாவது படி நடுவில் முறிந்து தொங்குகிறது. உள்ளே கறையான் தின்று மாவாக்கி வைத்திருக்கிறது. இதில் கால் எங்கே தவறியது?

நிலம் அவனுடையது அல்ல. ராத்திரிக்கு இவ்வளவு என்று கூலி. நிலத்துக்காரரும் என்னிடம் படித்தவர்தான், இதையும் படிப்பார். ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கொடுத்தார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முறிந்ததற்குப் பக்கத்திலேயே ஒரு புதுக் கம்பை ஆணியடித்து, மறுநாள் ராத்திரியே அதே பரணில் வேறு ஆளை ஏற்றிவிட்டார். மற்ற படிகளைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. தம்பி, படைப்புழுவுக்கு எத்தனை தடவை மருந்தடித்தாய் என்று உனக்குக் கணக்கு இருக்கும். பரணுக்கு எவ்வளவு செலவழித்தாய்?

"காலங்காலமாய் இப்படித்தானே சார் ஏறுகிறோம்" என்கிறீர்கள். தமிழனுக்குப் பரண் புதிதில்லைதான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனத்துப் பரணில் இருந்து பெண்கள் கிளி விரட்டுகிறார்கள். நம் வள்ளியும் பரணில் நின்றவள்தான். அது பகல் காவல். தாளவாடியிலும் தேன்கனிக்கோட்டையிலும் நடப்பது ராத்திரிக் காவல், வருவது பன்றியும் யானையும். இன்னொன்று, என் சிறு வயதில் வெள்ளாமைக்கு வெள்ளாமை புதுக் கம்பு வெட்டித்தான் பரண் போடுவார்கள். அறுவடை முடிந்தால் பிரித்து அடுப்புக்குப் போய்விடும். போன வருசத்துப் பரணில் யாரும் ஏறியதில்லை. இப்போது ஐந்து வருசத்துப் பரணில் ஏறிக்கொண்டு பாரம்பரியம் பேசுகிறோம்!

இயக்கச் சமன்பாடு ஞாபகம் இருக்கிறதா? 12 அடி உயரத்தில் இருந்து விழுகிறவன் ஒரு விநாடிக்குள் தரையைத் தொடுவான். தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். மொபெட்டில் போய்ச் சுவரில் மோதுவதற்குச் சமம். "பன்னிரண்டடிதானே" என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

மரம் எங்கே முதலில் உளுக்கும் தெரியுமா? மண்மட்டத்தில். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் வேண்டும். ஆழத்தில் காற்று குறைவு, மேலே ஈரம் குறைவு, மண்மட்டத்தில் இரண்டும் உண்டு. அதனால் மேலே பார்த்தால் கால் கல் மாதிரி நிற்கும், கீழே பஞ்சாகி இருக்கும். ஒரு சாண் மண்ணைத் தோண்டி, கடப்பாரை முனையால் குத்திப் பாருங்கள். சும்மா இறங்கினால் அந்தக் கால் போய்விட்டது என்று அர்த்தம். மண்ணில் நட்ட மூங்கில் மருந்து ஏற்றாவிட்டால் இரண்டு மூன்று வருசம் தாங்கினாலே பெரிது. நைலான் கயிறு மழைக்குத் தாங்கும், வெயிலுக்குத் தாங்காது. முறுக்கிப் பார்த்தால் இழை பொடிப்பொடியாக உதிரும். படியை ஆணியில் மட்டும் தொங்க விடாதீர்கள், ஆளின் எடை மொத்தமும் துருப்பிடித்த அந்த ஆணிமேல்தான் விழும். கம்பில் காடி வெட்டிப் படியை உட்கார வைத்து, அதன்மேல் கட்டுங்கள்.

சுற்றுக் கம்பி இல்லாத பரணில் காவல்காரன் கண்ணயர்ந்தால் என்ன ஆகும்? "காவலுக்கு வந்தவன் ஏன் தூங்குகிறான்" என்று ஒரு மாப்பிள்ளை கேட்டார். மாப்பிள்ளை, நீங்கள் ஏசி அறையில் மூன்று மணிக்கு மேல் விழித்திருந்து காட்டுங்கள். மலையில் ரிசார்ட் வைத்திருப்பவர்கள் மரவீடு கட்டி, தேக்கில் கைப்பிடி போட்டு, ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். அங்கே சுற்றுலாப் பயணிக்குக் கைப்பிடி அவசியமாம். இங்கே கூலிக்காரனுக்கு இடுப்புயரத்தில் ஒரு மூங்கில் கட்டினால் ஆடம்பரமா?

ஜெர்மனியில் இருக்கும் பிள்ளைகள் வயலோரங்களில் ஏணி வைத்த மர இருக்கைகளைப் பார்த்திருப்பீர்கள். வேட்டைக்காரர்கள் உட்காருவது. அங்கே விவசாய விபத்துக் காப்பீட்டு அமைப்பின் விதி என்ன தெரியுமா? ஒவ்வொரு முறை ஏறும் முன்பும், குறைந்தது வருடத்துக்கு ஒரு முறையும் சோதிக்க வேண்டும். உபயோகம் இல்லாததைப் பிரித்துவிட வேண்டும். நம் நாட்டில் 1972 சட்டத்தோடு வேட்டைப் பரண் போயிற்று. மிஞ்சியது காவல் பரண். அதைச் சோதிக்கச் சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்?

யானை வந்தால் பரண் காப்பாற்றும் என்ற நினைப்பும் வேண்டாம். வளர்ந்த கொம்பனுக்குத் தோள் உயரமே ஒன்பதடி, தும்பிக்கையை நீட்டினால் பரண் அதற்கு எட்டும். அப்போது இருட்டில் அவசரமாக இறங்கித்தான் ஓட வேண்டும். படி பலமாக இருக்க வேண்டியது அந்த நேரத்துக்குத்தான். இடி மின்னல் மாதத்தில் வெட்டவெளியில் உயரமாக நிற்பதும் அதே பரண்தான், மேகம் கறுத்தால் ஆளை இறக்குங்கள்.

பரண் வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில் கடப்பாரையோடு போங்கள். ஏறும்போது டார்ச்சையும் தூக்குவாளியையும் கையில் பிடிக்காமல், மேலே போய்க் கயிற்றில் இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் எனக்குப் போன் போடுங்கள், பஸ் ஏறி வருகிறேன். 71 வயது ஆகிறது, பரணில் ஏற மாட்டேன். கீழே நின்று ஒவ்வொரு படியையும் தட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.