சீட்டு யாருக்கு, லாக்கப் யாருக்கு?

என் சித்தப்பா மகன் ஓர் இரவு வேலை முடிந்து பைக்கில் வரும்போது வாகனச் சோதனையில் நிறுத்தப்பட்டான். கையில் லைசென்ஸ் இல்லை. தப்புதான். அவனுக்கு முன்னால் நிறுத்தப்பட்டவரிடமும் லைசென்ஸ் இல்லை; அவருக்கு அபராதச் சீட்டு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தம்பியிடம் மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி: “எந்த ஊருடா? ஊருல எந்தத் தெரு?” காலனி என்றான். விடியும்வரை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். மறுநாள் வேலைக்குப் போக முடியவில்லை. அதற்கடுத்த நாள் போனபோது அவன் இடத்தில் வேறு ஆள் நின்றார்.

இதை நினைக்கும்போதெல்லாம் அமெரிக்காவின் சான் மார்கோஸ் நகரம் ஞாபகம் வருகிறது. டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் நடுவில் இருக்கும் பல்கலைக்கழக ஊர் அது. குறைந்த அளவு கஞ்சா வைத்திருத்தல், செல்லாத லைசென்சில் வண்டி ஓட்டுதல், சுவரில் கிறுக்குதல் போன்ற குற்றங்களில், உள்ளூர்க்காரரைக் கைது செய்யாமல் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லிச் சீட்டு கொடுத்து அனுப்பலாம் என்று டெக்சாஸ் சட்டம் 2007-லேயே சொல்லிவிட்டது.

அந்த ‘லாம்’தான் சிக்கல். கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். யாருக்குக் கொடுப்பது என்பது போலீஸ்காரரின் விருப்பம். விருப்பம் நுழையும் இடத்தில் அங்கே நிறவெறி நுழைகிறது, இங்கே சாதி நுழைகிறது. அதே டெக்சாசில்தான் 2015-ல் சாண்ட்ரா பிளாண்ட் என்ற கறுப்பினப் பெண், சிக்னல் போடாமல் தடம் மாறினார் என்று நிறுத்தப்பட்டார். வாக்குவாதம், கைது, மூன்றாம் நாள் சிறையறையில் மரணம்.

சான் மார்கோஸ் மக்கள் ‘மனோ அமிகா’ என்ற அமைப்பாகத் திரண்டு நகர மன்றத்தை விடாமல் நெருக்கினார்கள். 2020 ஏப்ரலில் மன்றம் விதி இயற்றியது. விதிவிலக்குகள் உண்டு என்றாலும், ‘கொடுக்கலாம்’ என்பது அந்த ஊரில் ‘கொடுக்க வேண்டும்’ ஆனது. டெக்சாசில் அப்படி விதி இயற்றிய முதல் நகரம் அதுதான்.

“போலீசின் கையைக் கட்டினால் குற்றம் பெருகாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. சீட்டு கொடுத்தால் வழக்கு ரத்தாவதில்லை. நீதிமன்றம் இருக்கிறது, தண்டனை இருக்கிறது. லாக்கப் இரவு மட்டும்தான் இல்லாமல் போகிறது. அந்த இரவு எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத தண்டனை.

நம் நாட்டில் சட்டம் இதைவிடத் தெளிவாகவே இருக்கிறது. கைது அவசியமில்லாத வழக்கில் நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஏ பிரிவு. இன்றைய பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் அது 35(3). ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் இயந்திரத்தனமாகக் கைது செய்யாதே, கைது செய்தால் காரணத்தை எழுது என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடிக்கப்பட்ட சாத்தான்குளம் ஜெயராஜும் பென்னிக்சும் உயிரோடு வீடு திரும்பவில்லை.

2022-ன் தேசிய சிறைக் கணக்குப்படி கைதிகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2011 மக்கள்தொகையில் அவர்களின் பங்கு 16.6 சதவீதம். சிறைக்குள் போனவரின் சாதியைக் கணக்கெடுக்கும் அரசு, ஸ்டேஷன் வாசலில் யாருக்கு நோட்டீஸ், யாருக்குக் கைது என்ற கணக்கையும் வெளியிடட்டும். என் தம்பி அந்தக் கணக்கிலும் வரமாட்டான். அவனைக் கைது செய்ததாகவே எங்கும் எழுதவில்லை. ‘சும்மா விசாரணை’ என்றார்கள். ஆகவே ஸ்டேஷனுக்குள் அழைத்துச் செல்லப்படும் ஒவ்வொருவரின் பெயரும், வந்த நேரமும், போன நேரமும் பதிவாக வேண்டும். எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பதிவைக் கேட்டு வாங்க நாம் பழக வேண்டும்.

சான் மார்கோசில் போலீஸ் நகர நிர்வாகத்துக்குக் கட்டுப்பட்டது. இங்கே அது மாநில உள்துறையின் கையில். நம் ஊராட்சித் தலைவரோ வார்டு கவுன்சிலரோ ஒரு எஸ்ஐக்கு உத்தரவு போட முடியாது. கிராம சபைத் தீர்மானமும் காவல் நிலையத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதை நடைமுறைப்படுத்து என்று பத்து ஊர்கள் தீர்மானம் போட்டு அனுப்பினால், உள்துறை பதில் சொல்ல வேண்டிய நிலை வரும்.

தோழர்களே, உங்கள் ஊரின் அடுத்த கிராம சபைக்குப் போங்கள். 35(3) பிரிவைத் தமிழில் அச்சடித்து எடுத்துப் போங்கள். காலனித் தெருவிலிருந்து ஒருவர் எழுந்து அதைப் படிக்கட்டும்.