மாமனார் வீட்டில் மருமகளுக்கு பங்கு உண்டா? தங்குறது வேற... பங்கு கேட்கிறது வேற!

குடும்பநல கோர்ட்டு வாசலில் வாய்தாவுக்கு காத்து நிற்கும் பெண்களிடம் பேச்சு கொடுத்தால் ரெண்டு விதமாக பதில் வரும். "மாமனார் வீட்டுல பாதி எனக்கு வந்தாகணும்" என்பார் ஒருவர். "வீடு மாமியார் பேர்ல இருக்கு, எனக்கு ஏதுங்க உரிமை?" என்று சொல்லி, துணிமணியோடு அம்மா வீட்டுக்கு வந்து விட்டவர் இன்னொருவர்.

ரெண்டு பேர் நினைப்பதும் தப்பு.

பங்கு கிடையாது

மாமனார், மாமியார் சொந்தமாக சம்பாதித்து வாங்கிய வீடு, நிலத்தில் மருமகள் பங்கு கேட்க சட்டத்தில் இடம் இல்லை. அவர்கள் உயிரோடு இருக்கும்போது பெற்ற மகனே கேட்க முடியாது. பிறகு மருமகள் எப்படி கேட்பது?

இந்து குடும்பத்தின் பூர்வீக சொத்து என்றால் கணவருக்கு பங்கு உண்டு. ஆனால் அவர் உயிரோடு இருக்கையில் அதை மனைவி தன் பேருக்கு பிரித்து கேட்க முடியாது. ஜீவனாம்சம் முடிவு செய்யும்போது கணவரின் வசதியாக அதை கோர்ட்டில் எடுத்து சொல்லலாம். அந்த சொத்தில் பிள்ளைகளுக்கு உள்ள உரிமை, அப்பா-அம்மா விவாகரத்தால் போய்விடாது.

தங்க உரிமை உண்டு

2006 அக்டோபரில் குடும்ப வன்முறை தடுப்பு சட்டம் அமலுக்கு வந்தது. எல்லா மதத்து பெண்களுக்கும் இது பொருந்தும். குடும்பமாக வாழ்ந்த வீட்டில், பத்திரம் யார் பேரில் இருந்தாலும், மனைவி தங்கலாம் என்கிறது இதன் 17-வது பிரிவு.

ஆனால் அதே 2006 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, மாமியாருக்கு சொந்தமான வீட்டில் மருமகள் தங்க உரிமை கோர முடியாது என்று தீர்ப்பு சொன்னது. அதை காட்டியே பல பெண்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

14 வருஷம் கழித்து நிலைமை மாறியது. டெல்லியில் மருமகளை காலி செய்ய சொல்லி மாமனார் போட்ட வழக்கில், 2020 அக்டோபர் 15-ந்தேதி 3 நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு பெஞ்ச் பழைய தீர்ப்பு சரியல்ல என்று அறிவித்தது. வீடு மாமனார் பேரில் இருந்தாலும், அங்கே நிலையாக குடும்பம் நடத்தியிருந்தால் மருமகள் தங்க உரிமை கேட்கலாம்.

அடி தாங்காமல் வெளியே வந்துவிட்டவர்களும் கேட்கலாம் என்று 2022-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது.

நிரந்தரம் அல்ல

இந்த உரிமை காலத்துக்கும் நிற்காது. வயசான பெற்றோர் நிம்மதியாக வாழ்வதையும் பார்க்க வேண்டும் என்கிறது கோர்ட்டு. அதனால் மருமகளுக்கு வேறு வீடு பார்த்துக் கொடுக்கவோ, வாடகை கொடுக்கவோ உத்தரவிடலாம். விவாகரத்து தீர்ப்பு வந்துவிட்டால் கணவர் சொத்தில் விதவை என்ற வாரிசு உரிமையும் போய்விடும். அதனால் கேட்க வேண்டியதை வழக்கு நடக்கும்போதே கேட்பது நல்லது.

நகை யாருக்கு?

தாய் வீட்டு நகை, பாத்திரம், சீர்வரிசை எல்லாம் பெண்ணுடைய சொத்து. மாமியார் பீரோவில் இருந்தாலும் கேட்டு வாங்கலாம். கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில், வீட்டை கவனித்துக்கொண்ட மனைவிக்கும் சரிபாதி உண்டு என்று 2023-ல் சென்னை ஐகோர்ட்டு ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது.

என்ன செய்யணும்?

மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம். 181-க்கு போன் போடலாம். வீட்டை விட்டு துரத்தவும், அதை விற்கவும் கூடாது என்று மாஜிஸ்திரேட்டு தடை போட முடியும். வக்கீலுக்கு காசு இல்லை என்று தயங்க வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் இலவசம். வருமானம் பார்ப்பதில்லை.

பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, "இனி எந்த உரிமையும் கேட்க மாட்டேன்" என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கி அனுப்புவது ஊர் ஊருக்கு நடக்கிறது. பேனாவை பிடிக்கும் முன்னால் ஒரு வக்கீலிடம் அந்த தாளை காட்டுங்க. இல்லாத பங்குக்கு சண்டை போட்டு, இருக்கிற கூரையை விட்டுடாதீங்க.