பெயர் ஒன்று, மதிப்பு வேறு

‘பணம் பத்தும் செய்யும்’ என்பர் பெரியோர். அந்தப் பணத்திற்கே மதிப்பைத் தருவது எது? அதன் பெயரா? அதில் பொறித்த அரச முத்திரையா? ‘மகுடம்’ என்று பொருள்படும் ஒரே பெயரைத் தாங்கிய ஐரோப்பிய நாணயங்களின் வரலாறு இதற்குத் தக்க விடை பகர்கின்றது.

ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து, செக் குடியரசு ஆகிய நாடுகளில் இன்று வழங்கும் பணத்தின் பெயர் மகுடமே. குரோனா, குரோனே, கொருனா என ஒலிப்புதான் மாறுகிறது. 1873இல் ஸ்வீடனும் டென்மார்க்கும் ஓர் ஒப்பந்தம் செய்தன. 1875இல் நார்வேயும் சேர்ந்தது. மூன்று மகுடங்களும் ஒரே அளவு தங்கத்திற்கு ஈடாயின. ஒரு நாட்டுக் காசு மற்ற இரு நாடுகளிலும் செல்லுபடியாயிற்று. ஆனால், 1914இல் உலகப்போர் மூண்டதும், நோட்டுக்குத் தங்கம் தருவதாகச் சொன்ன சொல்லை மூன்று நாடுகளும் நிறுத்தி வைத்தன. மதிப்புகள் பிரிந்தன. 1920களில் ஒப்பந்தமும் மறைந்தது. எஞ்சியது பெயர் மட்டுமே!

ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசிலும் 1892 முதல் மகுடமே வழங்கியது. 1918இல் பேரரசு சிதறியபோது, அதிலிருந்து பிறந்த நாடுகளின் கையில் இருந்தவை ஒரே நோட்டுகள். செக்கோஸ்லோவாக்கியாவின் நிதியமைச்சர் அலோயிஸ் ரஷீன், 1919இல் தம் நாட்டிலிருந்த நோட்டுகளில் வில்லை ஒட்டச் செய்து அவற்றைத் தனிப்படுத்தினார். ஒரு பகுதியை மக்களிடமிருந்து கடனாக நிறுத்தியும் வைத்தார். மக்களுக்கு அது கசப்பு மருந்துதான். ஆயினும் அவர்களுடைய பணம் நிலைத்தது. ஆஸ்திரியாவோ செலவுக்கெல்லாம் நோட்டு அச்சிட்டது. முடிவு? 1925இல் ‘ஷில்லிங்’ என்ற புதுப்பணம் வந்தபோது, ஒரு ஷில்லிங்குக்குப் பத்தாயிரம் மகுடங்கள் கொடுக்க வேண்டியிருந்தது!

போரில் தோற்ற நாடு வேறென்ன செய்யும் எனச் சிலர் கேட்கலாம். அதன் துன்பம் பெரிது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அச்சிட்ட தாள் பசியைத் தீர்க்கவில்லை. வாழ்நாளெல்லாம் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களின் சேமிப்பே முதலில் கரைந்தது. அரசு சொல் தவறினால், அதன் விலையைக் கொடுப்பவர்கள் எளியவர்கள் அன்றோ?

நம் தாய்மொழியில் ‘நாணயம்’ என்ற சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். இரண்டாவது இல்லாதபோது முதலாவது வெறும் தகடே என்பது எம் கருத்து. ஒரே சீருடையும் ஒரே பள்ளியின் பெயரும் தாங்கி நிற்கும் மாணவியராகிய நமக்கும் இது பொருந்தும். பெயர் நமக்குப் பிறர் தந்தது. மதிப்பை நாம்தான் தேட வேண்டும்.