தைலக்காப்பு நமக்கும் வேண்டும்

திருவரங்கத்தில் பள்ளிகொண்ட பெரிய பெருமாளின் திருமேனி சுதையால் ஆனது. ஆதலால் மூலவருக்கு நீரால் திருமஞ்சனம் இல்லை, தைலக்காப்பே சாற்றப்படுகிறது. நீரால் தேயக்கூடிய மேனியைத் தைலத்தால் காக்கும் அந்த முறையில், முதுமையை எய்திய நமக்கும் ஒரு பாடம் உண்டு.

மார்கழிப் பனியில் உதடு வெடித்து எரிவதும், முழங்காலுக்குக் கீழே தோல் செதில் செதிலாய் உரிந்து, சிவந்து அரிப்பதும் பலருக்கும் உள்ள துன்பம். உதட்டில் வியர்வைச் சுரப்பியும் இல்லை, காக்கும் எண்ணெய்ப் பசையும் இல்லை. கால்களின் முன்புறத்திலோ எண்ணெய்ச் சுரப்பிகள் மிகக் குறைவு. வயது ஏற ஏற அவையும் வற்றுகின்றன. எனவே இவ்விரண்டு இடங்களுமே முதலில் வறள்கின்றன.

வைகறை நீராட்டத்தை விடவேண்டுவதில்லை. கொதிக்கும் வெந்நீரை விட்டால் போதும். வெதுவெதுப்பான நீரில் விரைவாகக் குளித்து, கால்களுக்குச் சோப்பைத் தவிர்த்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுதும் உலருமுன் தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவுங்கள். எண்ணெய் நீரைத் தருவதில்லை. தோலில் உள்ள நீரை வெளியேறாமல் காக்கிறது. காலம் தவறினால் பயன் குறைவு. உள்ளங்காலுக்கு இரவில் படுக்கையில் அமர்ந்து பூசுங்கள். பூசியபின் எழுந்து நடந்தால் வழுக்கும். நீரிழிவு உடையோர் விரல் இடுக்குகளில் பூசலாகாது.

உபவாச நாட்களில் உதட்டை நாவால் நனைப்பது பலருடைய வழக்கம். அந்த உமிழ்நீர் உலரும்போது, இருந்த ஈரத்தையும் கொண்டு போய்விடுகிறது. கற்பூரமும் புதினா உப்பும் சேர்ந்த தைலங்கள் எரிச்சலையே வளர்க்கும். உரிந்த தோலைப் பிய்க்காமல், வாசலினை அடிக்கடி மெல்லத் தடவுவதே நலம்.

இரண்டு வாரங்களில் குணம் காணாவிடில் மருத்துவரை நாடுங்கள். கடைவாய்ப் புண்ணுக்குப் பொருந்தாத பல்செட்டோ இரும்புச்சத்துக் குறைவோ காரணமாயிருக்கலாம். கணுக்கால் வீங்கித் தோல் கறுத்தால் இரத்த ஓட்டத்தை ஆராய வேண்டும். கால் திடீரெனச் சிவந்து, சூடேறி, வலித்தால் அன்றே செல்லுங்கள். வெற்றிலையும் புகையிலையும் தரிப்போர் உதட்டில் ஆறாத புண்ணை அலட்சியம் செய்யலாகாது. பிறருக்குக் கேட்டதென்று ஸ்டீராய்டு களிம்பைத் தாமாக வாங்கிப் பூசுவோர் தோல், நாளடைவில் மெலிந்து போகும்.

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். வெடித்த பாதத்தின் வழியே கிருமி நுழையும். நீரிழிவால் உணர்ச்சி குன்றிய பாதமோ காயத்தையும் அறியாது. அத்தகையோர் மருத்துவரைக் கேளாமல் வெறுங்காலுடன் நெடுவழி நடக்கலாகாது. மற்றையோரும் வலம் வந்தபின் விளக்கொளியில் இரு பாதங்களையும் திருப்பிப் பாருங்கள். குனிய இயலாதோர் பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சந்நிதிக்கு நம்மை நாள்தோறும் சுமந்து செல்லும் கால்கள் இவை. அவற்றுக்குச் செய்யும் தைலக்காப்பும் வழிபாட்டின் ஒரு பகுதியே.